சாப்பாவும் தொப்பியும்

1953ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி அரசு இரண்டு காரியங்கள் செய்தது. ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாடகத்துக்குத் தடை போட்டது. செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போராடிக்கொண்டிருந்த துறைமுகத் தொழிலாளர்களைச் சுட்டது. நாடகத்தின் பெயர் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’. எழுதியவர் தோப்பில் பாசி. குண்டுபட்டு இறந்தவர்கள் சையது, சையதலவி. போலீஸ் சித்திரவதையில் பிறகு உயிர்விட்டவர் ஆண்டணி.

எழுபது ஆண்டு கழித்து, 2023இல், கொச்சியில் மறுபடி இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 10 அன்று அதே துப்பாக்கிச் சூட்டைச் சொல்லும் ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் திரைக்கு வந்தது. அரசாங்கத்தில் யாரும் அதற்கு முகம் சுளிக்கவில்லை. டிசம்பர் கடைசியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், புத்தாண்டுக் கார்னிவலுக்காகத் தயாரான ‘கவர்னரும் தொப்பியும்’ என்ற சிறு நாடகத்தின் முன்னால் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. மனிதனை மனிதன் கட்டிவைத்த கதையை மேடையேற்ற அன்று என்ன தேவைப்பட்டது, இன்று என்ன தேவைப்படுகிறது? அடிமைக் கதைகளுக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சமே இல்லை. அவற்றை யார் சொல்வது, எங்கே சொல்வது, யாரிடம் அனுமதி வாங்கிச் சொல்வது என்பதில்தான் எப்போதும் தகராறு.

விடிகாலையில் எறிந்த வில்லை

மட்டாஞ்சேரியின் பிழைப்பு துறைமுகம். கொச்சியின் உள்துறைமுகத்தை உருவாக்கியவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1920இல் வந்து சேர்ந்தவர், கடல்வாயின் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். காயலில் தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை எழுப்பினார். 1928 முதல் பெரிய கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின. மிளகும் இஞ்சியும் தேயிலையும் கயிறும் பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளிலிருந்து மனிதர்களின் தலையிலும் முதுகிலும் ஏறிக் கப்பலுக்குப் போயின. அந்தச் சுமைக்கு ஆள் வேண்டும். ஆள் பிடிக்கும் முறைக்கு ‘சாப்பா’ என்று பெயர்.

சாப்பா என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக வில்லை. அது எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. விடிவதற்குள் ஆட்கள் கூடிவிடுவார்கள். கூடியவர்கள் நிறைய, தேவைப்படுபவர்கள் கொஞ்சம். ஒப்பந்தக்காரரின் மூப்பன் வில்லைகளை அள்ளிக் கூட்டத்துக்குள் எறிவான். அதற்குப் பிறகு அங்கே அண்ணன் இல்லை, தம்பி இல்லை, பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுதவன் இல்லை. விழுந்து, புரண்டு, மிதித்து, கடித்து எடுத்தவன் கப்பலுக்குப் போவான். எடுக்காதவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான்.

இதை அடிமைத்தனம் என்று சொல்லலாமா என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லையே? கணக்குப் பார்க்கிறவனுக்கு இதன் சூட்சுமம் புரியும். ஆளை விலைக்கு வாங்கினால் அவனுக்குச் சோறு போட வேண்டும். கிழவனானாலும் கொட்டகையில் ஒரு மூலை கொடுக்க வேண்டும். சாப்பாவில் அந்தச் செலவும் மிச்சம். உடம்பில் பலம் இருக்கும் நாளுக்கு மட்டும் கூலி. பலம் போன அன்று அவன் யாரோ.

இதற்கு எதிராகத்தான் சங்கம் வைத்தார்கள். வேலையைப் பங்கிடும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடமா, தொழிலாளர்களிடமா என்பதே சண்டை. 1953இன் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கும் மேலாக இழுத்தது. செப்டம்பர் 15 அன்று கல்லுக்கும் துப்பாக்கிக்கும் நடந்த மோதலில் மட்டாஞ்சேரி கேரளம் முழுக்க ஒரு முழக்கமாக மாறியது. அந்த ஊரை மறக்க முடியுமா என்று கேட்கும் பாட்டு வரிகளை இன்றும் ஊர்வலங்களில் கேட்கலாம்.

1959இல் கொச்சித் துறைமுகத்துக்கு வேலை ஒழுங்குமுறைத் திட்டம் வந்தது. பெயர்ப் பதிவேடு, முறைவைத்து வேலை, வேலை இல்லாத நாளுக்கும் ஏதோ ஒரு பாதுகாப்பு. வில்லை எறியும் வழக்கம் ஒழிந்தது. பிறகு 2011இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது. சாக்கு மூட்டையைத் தூக்கிய முதுகுகளின் வேலையைக் கிரேன்கள் எடுத்துக்கொண்டன. பஜார் ரோட்டில் இன்றும் சில கடைகளில் இஞ்சியும் மிளகும் மணக்கின்றன. கப்பல் மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை.

எழும்பூரில் இருக்கும் விற்பனைப் பத்திரங்கள்

சாப்பாவுக்கு முன்னோடிகள் உண்டு. மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஒரு சுவரோரத்தில் காப்பிரி முத்தப்பனுக்கு மெழுகுவர்த்தி எரிகிறது. கள்ளும் சுருட்டும் படையல். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பேதமில்லாமல் நேர்ந்துகொள்கிறார்கள். முத்தப்பன் யார் என்று கேட்டால் வாய்வழிக் கதை ஒன்று வரும். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளில் ஒருவன் அவன். 1663இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடிக்க வந்தபோது, எசமானர்கள் தங்கத்தைச் சுவருக்குள் மறைத்து, காவலுக்கு அடிமையையும் கொன்று உள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள். செத்த பிறகும் காவல் வேலையிலிருந்து விடுதலை இல்லாத ஒருவனை ஊர் சாமியாக்கிக்கொண்டது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிய போர்ச்சுகீசியரின் வழித்தடம் இலங்கைக்கும் போனது. புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் இன்றும் தங்கள் பாட்டை வைத்திருக்கிறார்கள். கொச்சியில் பாட்டுகூட மிஞ்சவில்லை.

டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை இருந்தார்கள். அவர்கள் காலத்தில் கொச்சியிலிருந்தும் அடிமைகள் போனார்கள். மலபாரின் உழுகுடிகளும் கடனில் விழுந்தவர்களும் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்களும் கப்பலேறினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பதிவுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் மலபார் என்றும் கொச்சி என்றும் ஒட்டியிருக்கும். டச்சுக்காரர்கள் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் எழுதினார்கள்: யார் விற்றார், யார் வாங்கினார், ஆளின் வயது என்ன, விலை என்ன. அந்தக் கொச்சி டச்சு ஆவணங்கள் இன்று இருப்பது எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். கொச்சியின் அடிமை வியாபாரத்தைப் பற்றி நாடகம் எழுத உட்காருகிறவர் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும்.

காரணம் பழைய நிலப்படம். மட்டாஞ்சேரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில், மலபார் மாவட்டத்தின் துணுக்காக இருந்தது. 1956 நவம்பர் 1 வரை சென்னை ராஜ்ஜியத்துக்கு உட்பட்டது. மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் சீமை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமை உரிமையைச் செல்லாததாக்கியது. ராஜா சீமையில் அடிமை முறைக்குத் தடை வர 1850களின் நடுப்பகுதி ஆயிற்று. பத்தாண்டுக்கு மேல், ஒரே ஊரின் ஒரு தெருவில் செல்லாதது அடுத்த தெருவில் செல்லும். 1953இலும் அதே கோடு இருந்தது: ஒரு பக்கம் ராஜாஜியின் சென்னை அரசு, மறுபக்கம் ஏ. ஜே. ஜானின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு. சுடச் சொன்ன அரசும் நாடகத்தை நிறுத்திய அரசும் இரண்டாவது.

படகுகளைக் கட்டிய மேடை

அடிமை முறை தாளில் ஒழிந்து அரை நூற்றாண்டு கழித்தும், வயலில் வேலை செய்த புலையர்களுக்கு எறணாகுளத்துப் பொது இடத்தில் கூட்டம் போட உரிமை இல்லை. 1913இல் அவர்கள் கூட்டத்தைக் காயலில் நடத்தினார்கள். வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, தண்ணீர்மேல் மேடை போட்டார்கள். மண்ணில் நின்றால்தானே தீட்டு? நீருக்குத் தடை உத்தரவு எதுவும் இல்லை. கேரளம் இதைக் காயல் சம்மேளனம் என்று நினைவில் வைத்திருக்கிறது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் கதையைச் சபையில் சொல்ல, முதலில் தரையை விட்டே இறங்க வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் துணைநின்ற பண்டிட் கருப்பன் மீனவச் சாதியான வாலன் குலத்தவர், சமஸ்கிருதம் படித்தவர், கவிஞர். கொச்சி ராஜாவின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி அவர் எழுதிய ‘பாலாகலேசம்’ நாடகத்தில் சாதிக் கொடுமையை அரண்மனை காதில் விழும்படி வைத்தார். பாராட்டு விழா நாடகத்துக்குள் ஒரு புகார் மனு. அதை அதிகம் கேலி செய்தவர்களில் ஒருவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910இல் பத்திரிகையை இழந்து நாடு கடத்தப்பட்டவர். இன்றும் பத்திரிகைச் சுதந்திரத்தின் அடையாளம். அவரே கருப்பனின் சாதியைக் குத்தி நாடகத் தலைப்பைத் திரித்துச் சிரித்தார். எழுத்துச் சுதந்திரத்துக்காக ஊரையே இழந்த ஒருவருக்கு, அந்தச் சுதந்திரம் தனக்குக் கீழே இருப்பவனுக்கும் உண்டு என்று தோன்றவில்லை.

இதே கடற்கரையில் இதற்கு வெகுமுன்பே ஒரு பெரும் நாடக மரபு இருந்தது: சவிட்டு நாடகம். போர்ச்சுகீசியர் காலத்தில் கிளைத்தது. கோதுருத்து போன்ற தீவுகளில் லத்தீன் கத்தோலிக்க மீனவரும் கூலிகளும் ஆடியது. தமிழ் வாசகர் இதை அந்நியமாக நினைக்க வேண்டாம். இதன் பழைய பாடல்கள் தமிழ் கலந்த மொழியில் இருப்பவை. ஆசானுக்குப் பெயர் அண்ணாவி; மட்டக்களப்புக் கூத்திலும் யாழ்ப்பாணக் கூத்திலும் அண்ணாவியார்தானே? ‘காறல்மான்’ நாடகத்தைச் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரோடு சேர்த்துப் பேசுவது மரபு. காறல்மான் என்பது ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன். பகலில் வலை இழுத்தவன் ராத்திரி பட்டும் ஜரிகையும் அணிந்து, பலகை அதிரக் காலால் உதைத்து, பேரரசனாக நின்றான். அதில் மன்னர் உண்டு, படை உண்டு, மதப்போர் உண்டு. வலை இழுக்கிறவன் இல்லை. தன் கதையை ஆட அவனுக்கு இன்னும் சில நூற்றாண்டு ஆயிற்று.

தடைக்கு ஒரு பரம்பரை

இந்தியாவில் நாடகத் தணிக்கையின் வேரைத் தோண்டினால் அங்கேயும் ஓர் அடிமைக் கதை கிடைக்கும். தீனபந்து மித்ரா 1860இல் எழுதிய ‘நீல் தர்ப்பண்’, வங்காளத்தில் அவுரித் தோட்டத்துரைகள் விவசாயிகளை முன்பணத்தால் கட்டிப்போட்டு அடித்துப் பயிரிடவைத்ததைச் சொன்னது. அதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும். கல்கத்தா மேடைகள் வெள்ளையரைக் கிண்டலடிக்கத் தொடங்கியதும் 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது.

விடுதலைக்குப் பிறகும் அந்தப் பழக்கம் ஆட்சியாளர்களை விடவில்லை. சென்னை ராஜ்ஜியம் 1954இல் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்தது. எம். ஆர். ராதாவின் ‘ராமாயணம்’ நாடகத்தை மனத்தில் வைத்துத்தான் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து ஒப்புதலுக்குக் காத்திருப்பது தமிழ் நாடகக்காரர்களுக்குத் தலைமுறை வழக்கமாயிற்று. பரீக்‌ஷா குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று அறிவித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2017இல்தான்.

தோப்பில் பாசியின் நாடகம் 1952 டிசம்பர் 6 அன்று கொல்லம் பக்கத்துச் சவறாவில் முதன்முதலில் அரங்கேறியது. நடத்தியது கேபிஏசி என்ற நாடகக் குழு. அடுத்த ஆண்டு தடை வந்தது. தடை நெடுநாள் நிற்கவில்லை. மாறாக, நாடகத்துக்கு விளம்பரமாயிற்று. 1957இல் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்ததில் அந்த நாடகத்துக்கும் பங்குண்டு என்று அரசியல் எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவதில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் வெற்றிக் கதை. முடியவில்லை. நாடகத்தில் மாலா என்று ஒரு புலையப் பெண் வருகிறாள். நிலத்தில் அவள் கூட்டத்தாரின் வியர்வை. நாயகன் மேல் அவளுக்கு வெளியில் சொல்லாத காதல். கடைசியில் கொடியை உயர்த்துகிறவர் பழைய நாயர் குடும்பத்துப் பரமு பிள்ளை. நாற்பது ஆண்டுக்குப் பிறகு நாடகாசிரியர் சிவிக் சந்திரன் கேட்டார்: மாலாவுக்கு என்ன கிடைத்தது? 1995இல் அவர் எழுதிய எதிர்நாடகம் பாசியின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்து, அடிமைகளின் வழிவந்தவர்கள் பக்கமிருந்து திருப்பிக் கேட்டது. பாசியின் வாரிசுகள் காப்புரிமை கோரி நீதிமன்றம் போனார்கள். முதலில் இடைக்காலத் தடையும் கிடைத்தது. 1996இல், மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் எறணாகுளத்தில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றம், விமர்சனத்துக்காக எடுத்தாள்வது நியாயமே என்று சொல்லி வழிவிட்டது. இந்தியக் காப்புரிமை வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

இந்த வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தடையை வென்ற நாடகத்தின் பெயராலேயே இன்னொரு நாடகத்துக்குத் தடை கேட்கப்பட்டது. கருப்பனைப் பார்த்துச் சிரித்த ராமகிருஷ்ண பிள்ளையும் இதே வரிசைதான். சுதந்திரத்துக்காகப் போராடியவர்கள் ஓர் இடம் வந்ததும் அடுத்தவருக்கு வாயிற்காவலர்களாகிவிடுகிறார்கள். தேவாலயங்களும் இதில் பின்வாங்கியதில்லை. 1986இல் பி. எம். ஆண்டனியின் ‘கிறிஸ்துவின்டெ ஆறாம் திருமுறிவு’ நாடகத்துக்கு எதிராகத் திரண்ட கூட்டத்துக்கு அரசு பணிந்து தடைபோட்டது. 2023இல் கன்னிமடத்தைப் பற்றிய ‘கக்குகளி’க்கும் அதே எதிர்ப்பு.

அப்பாவின் நாடகம், மகனின் படம்

சாப்பாவை மேடைக்குக் கொண்டுவந்தவர் கே. எம். சிதம்பரன். ‘துறமுகம்’ என்று பெயர், 1968இல் எழுதியது. துப்பாக்கிச் சூடு நடந்து பதினைந்தே ஆண்டு ஆகியிருந்தது. எறிந்த வில்லைக்காக அடித்துக்கொண்டவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். சுட்டவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட சபைமுன் ஒரு நாடகத்தில் பொய் சொல்ல முடியாது. மூப்பன் எந்தக் கையால் எறிந்தான் என்பதுகூட முன்வரிசைக்குத் தெரியும்.

அரை நூற்றாண்டு கழித்து அவருடைய மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்கினார். ராஜீவ் ரவி இயக்கினார். நிவின் பாலி, பூர்ணிமா இந்திரஜித், ஜோஜு ஜார்ஜ் நடித்தார்கள். பலமுறை தள்ளிப்போன வெளியீடு 2023 மார்ச்சில் நடந்தது. அப்பா எழுதியது தொழிலாளர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நாடகம். மகன் எழுதியது, சாப்பா என்றால் என்னவென்றே அறியாத தலைமுறைக்கு அதைக் காட்டும் படம். முன்னதற்கு நினைவூட்டினால் போதும். பின்னதற்கு எல்லாவற்றையும் கட்டியெழுப்ப வேண்டும்: துறைமுகத்தை, கூட்டத்தை, வில்லை தரையில் விழும் சத்தத்தை. கலையாக இரண்டாவது கடினம். ஆபத்து முதலாவதில் அதிகம்.

கட்டடங்களுக்கும் இதே கதைதான். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே, காலியாகிக் கிடந்த பண்டகசாலைகளைக் காட்சிக்கூடங்களாக மாற்றியது. ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸ் மிளகும் தேயிலையும் கயிறும் ஏற்றுமதி செய்த கம்பெனியின் இடம். மட்டாஞ்சேரி ஆனந்த் வேர்ஹவுஸ் பெயரிலேயே தொழில் தெரிகிறது. உடலால் நிகழ்த்தும் கலைக்கு முக்கியத்துவம் கொடுக்கும் நிகில் சோப்ரா 2025 டிசம்பரில் தொடங்கிய பதிப்பின் பொறுப்பேற்றார். ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய உடல்கள் நுழைந்த வாசலில் இன்று உடலைக் கலையாகப் பார்க்க வருகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பினாலே இல்லாவிட்டால் அந்தக் கூரைகளில் பல இடிந்திருக்கும். காப்பிரியைப் பற்றி, அடிமை வியாபாரத்தைப் பற்றி வெளியூர்க் கலைஞர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான். ஆனால் பார்வையாளர் மாறிவிட்டார். வந்து நிற்கிறவருக்கு அந்தக் கதையோடு உறவில்லை. எனவே சங்கடமும் இல்லை.

தொப்பிக்கு வணக்கம்

இப்போது 2023 டிசம்பருக்கு வருவோம். நாடகக் கலைஞர்களின் அமைப்பான ‘நாடக்’கின் கொச்சி மெட்ரோ கிளை, கார்னிவலில் ‘கவர்னரும் தொப்பியும்’ நடத்த ஏற்பாடு செய்தது. ஜெர்மன் கதையொன்றின் தழுவல். ஆளுநர், தொப்பி என்ற இரண்டும் சேர்ந்தாலே ஐரோப்பியருக்கு வில்லியம் டெல் நினைவுக்கு வருவார். ஆளுநன் தன் தொப்பியைக் கம்பத்தில் மாட்டி, போகிற வருகிறவரெல்லாம் அதை வணங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறான். ஒருவன் மட்டும் வணங்காமல் போகிறான். ஷில்லர் 1804இல் அதை நாடகமாக்கினார். 1941இல் ஹிட்லர் அந்த நாடகத்தைத் தடை செய்தார். அடிமைத்தனம் விலங்கில் தொடங்குவதில்லை, தொப்பிக்குத் தலைகுனிவதில் தொடங்குகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் கதை உலக நாடகத்தில் குறைவு.

கேரளத்தில் அந்த நேரம் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் மல்லுக்கட்டு. நாடகத்தின் பெயரைப் பார்த்ததும் புகார் போயிற்று. வருவாய் அதிகாரி உத்தரவு போட்டார்: தலைப்பில் ‘கவர்னர்’ கூடாது, அரசியல் சாசனப் பதவியில் இருப்பவரைக் குறிக்கும் எதுவும் கூடாது. கலைஞர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அன்று மாநிலத்தை ஆண்டது இடதுசாரி அரசு. எந்த நாடகத்தின் தடையை உடைத்து அந்த இயக்கம் வளர்ந்ததோ, அந்த வரலாற்றை மேடைதோறும் சொல்லுகிற கட்சியின் ஆட்சியில், ஒரு சொல்லை நீக்கச் சொல்லி ஒரு நாடகக் குழுவுக்குத் தாள் போயிற்று.

1953இல் நிலைமை ஒரு விதத்தில் தெளிவாக இருந்தது. தொழிலாளியைச் சுட்டவரும் நாடகத்தை நிறுத்தியவரும் ஒருவரே. கைக்கு விடுதலை கேட்டவனும் நாவுக்கு விடுதலை கேட்டவனும் ஒரே கதவைத் தட்டினார்கள். 2023இல் அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. சாப்பாவைப் பற்றிய படத்தை எல்லாக் கட்சியினரும் பார்க்கலாம், பாராட்டலாம், கண்கலங்கலாம். எறிந்த மூப்பன் இன்று உயிரோடு இல்லை. தொப்பியைப் பற்றிய நாடகத்தை மட்டும் பார்க்க முடியாது. பழைய எசமானை மேடையில் காறித் துப்பலாம். இன்றைய அதிகாரத்தின் உடுப்பைத் தொடக்கூடாது. கலைச் சுதந்திரம் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், இறந்தகாலத்தைப் பொறுத்தவரை நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

வாத்துருத்தியின் விடியல்

வில்லிங்டன் தீவுக்குப் போகும் வழியில், கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில், வாத்துருத்தி என்றொரு குடியிருப்பு. பல பத்தாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் இடம். கொச்சியின் கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் சுமந்த செங்கல் இருக்கிறது. விடிகாலையில் சந்திப்பில் நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் எண்ணிக் கூட்டிப் போவார். மீந்தவர் மத்தியானம் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். இப்போது பெரும்பாவூரிலும் கேரளத்தின் நூறு சந்திப்புகளிலும் வங்காளம், அசாம், ஒடிசா ஆட்கள் அப்படி நிற்கிறார்கள். நகரத்துக்குள்ளே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி போன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணவு விநியோகப் பையன்களுக்கும் காத்திருப்புத்தான். அவர்கள் மூப்பனுக்கு முகமே இல்லை. வில்லை பொத்தானாக மாறி, தரையில் விழாமல் திரையில் தெறிக்கிறது. முந்தி அழுத்தினவனுக்கு வேலை.

கொச்சியில் அடிமைத்தனத்தைப் பற்றிப் புதிதாக ஒரு நாடகம் எழுதுகிறவர் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, காப்பிரியையும் டச்சுப் பத்திரத்தையும் எடுத்து, நல்ல வெளிச்சத்தில், பண்டகசாலைச் சுவர்மேல் நிழல் விழ ஒரு அழகான படைப்பைத் தருவது. மானியம் கிடைக்கும், மேடை கிடைக்கும், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அந்த நாடகமும் வேண்டியதே. மறந்ததைச் சொல்ல யாராவது வேண்டும். இன்னொன்று, அதே பத்திரத்தை வாத்துருத்திக்குக் கொண்டுவந்து, இன்று நிற்கிறவனின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது. அந்த நாடகத்தின் மொழி தமிழா மலையாளமா என்று கேட்டால், சவிட்டு நாடகக்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்: இரண்டும் கலந்துதான், உழைக்கிறவன் பேசுகிற மாதிரி. நடிகர்கள் வேலை கிடைக்காத நாளில் ஒத்திகைக்கு வருவார்கள். வேலை கிடைத்த நாளில் ஒத்திகை கெடும். அதையும் நாடகத்துக்குள்ளேயே வைக்கலாம்.

அப்படி ஒரு நாடகத்துக்கு அனுமதி வாங்குவது சுலபமாக இருக்காது. ஒப்பந்தக்காரருக்கு அரசியல் நண்பர்கள் உண்டு, செயலி நிறுவனங்களுக்கு வக்கீல்கள் உண்டு, அதிகாரிக்குச் சட்டம் ஒழுங்கு உண்டு. 1876ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டதால் பிரதியை முன்கூட்டிக் கேட்க மாட்டார்கள். தலைப்பை மட்டும் மாற்றச் சொல்வார்கள், இடத்தை மாற்றச் சொல்வார்கள், தேதியை மாற்றச் சொல்வார்கள். கருப்பன் அரண்மனைக்குள் புகாரை விழா நாடகமாகக் கொண்டுபோனதும், புலையர்கள் நீரில் மேடை போட்டதும், சிவிக் சந்திரன் எதிராளியின் வசனத்தையே எடுத்துக்கொண்டதும் இப்படிப்பட்ட நெருக்கடிகளில்தான். கொச்சியின் நாடக வரலாற்றில் நல்ல உத்திகள் எல்லாம் தடையின் முன்னால் நின்றபோது கண்டுபிடிக்கப்பட்டவை. இளம் நாடகக்காரர்களுக்கு இது ஆறுதல் அல்ல, பாடத்திட்டம்.

ஒரு நாடகம் அடிமைத்தனத்தைப் பற்றியது என்று விளம்பரத்தில் எழுதிக்கொள்வது எளிது. அது உண்மையா என்று சோதிக்க 1968இன் சபை ஒரு அளவுகோலை விட்டுச்சென்றிருக்கிறது. அன்று முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு மேடையில் இருப்பவர்களைப் பெயரோடு தெரியும். இன்று சாப்பா எறிகிறவர், அது மூப்பனோ மேஸ்திரியோ செயலியோ அமைச்சரோ, அந்த முன்வரிசையில் கடைசிக் காட்சி வரைக்கும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடிகிறதென்றால் அந்த நாடகத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை.